பயாஸ் புதுப்பிப்பு பாதியில் நின்றால்: மதர்போர்டை மீட்கும் முழு வழிகாட்டி

ஐப்பசி, கார்த்திகை வந்தால் என் மேசைக்கு வரும் மதர்போர்டுகள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்லும். மதர்போர்டின் சிப்பில் இருந்து கணினியை எழுப்பும் மென்பொருளான பயாஸின் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தது, மழை பிடித்தது, மின்சாரம் போனது. மண்டபம், பாம்பன், கீழக்கரை, தொண்டி என எங்கிருந்து வந்தாலும் ஊர்ப்பெயர் மட்டும்தான் மாறும்.

அவற்றில் பலவற்றை அந்த மின்தடை கொன்றிருக்காது. மின்சாரம் திரும்பிய பிறகு, பதற்றத்தில் அடுத்த அரை மணி நேரத்தில் செய்த காரியங்கள் கொன்றிருக்கும். வேலை பழக வரும் தம்பிகளிடமும் இதையே பார்க்கிறேன். ஒவ்வொரு படியும் அவர்களுக்குத் தெரியும், வரிசைதான் தெரியாது. எனவே கீழே உள்ளவற்றை எண் வரிசையிலேயே செய்யுங்கள். பாதி வழியில் கணினி உயிர்பெற்றுவிட்டால் இடையில் உள்ளதைத் தாண்டி 12-ஆம் பகுதிக்குப் போய்விடலாம்.

1. முதல் அரை மணி நேரம் எதையும் தொடாதீர்கள்

மின்சாரம் போகவில்லை, திரை மட்டும் கறுத்து நிற்கிறது என்றால், புதுப்பிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். பல மதர்போர்டுப் பலகைகள் நடுவில் இரண்டு மூன்று முறை தாமாகவே அணைந்து எழும். டிடிஆர்5 ராம் உள்ளவை முதல் முறை எழும்போது ராமைப் பழக்கிக்கொள்ளவே சில நிமிடங்கள் இருட்டில் நிற்கும்.

சிப்பில் எழுதும் வேலை துண்டு துண்டாக நடக்கிறது. ஒரு துண்டை அழித்து, அதில் புதியதை எழுதி, அடுத்ததற்குப் போகும். அழித்ததற்கும் எழுதியதற்கும் இடையில் பிளக்கைப் பிடுங்கினால் அந்த இடம் வெற்றாக நிற்கும். அதனால்தான் கடிகாரத்தைப் பார்த்து முப்பது நிமிடம் காத்திருக்கச் சொல்கிறேன். மடிக்கணினியானால் சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

2. போனது பயாஸ்தானா?

திரையில் ஒன்றும் வரவில்லை என்பதும் பயாஸ் அழிந்தது என்பதும் ஒன்றல்ல. அதிகம் பேர் இடறி விழும் இடம் இது.

முதலில் சிமாஸை, அதாவது பயாஸ் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் பகுதியை, வெறுமையாக்குங்கள். பிளக்கைப் பிடுங்கி, நாணய பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்து, ஐந்து நிமிடம் விட்டு மீண்டும் பொருத்துங்கள். பேட்டரிக்கு அருகில் அதற்கான ஜம்பர் (இரு முனைகளை இணைக்கும் சிறு மூடி) இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். பழைய அமைப்புகள் புதிய பயாஸுக்கு ஒத்துவராமல் நின்றிருந்தால் இதிலேயே சரியாகிவிடும். கழற்றிய பேட்டரியை மல்டிமீட்டரில் பாருங்கள். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.7-க்குக் கீழே இருந்தால் புதியது வாங்குங்கள்.

அடுத்து ராம். ஒன்றை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றுங்கள். கடலுக்குப் பக்கத்தில் இரண்டு வருடம் ஓடிய கணினியில் ராமின் பொன்னிற விளிம்பு மங்கிப்போயிருக்கும். ரப்பரால் தேய்ப்பது நம் பக்கத்து வழக்கம். துகள் ஸ்லாட்டில் விழும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும்.

பிறகு டிஸ்ப்ளே. ஒரு ஐஸ் பிளான்ட்டின் பில் போடும் கணினி ஒருமுறை வந்தது. உரிமையாளரின் மகன் சிப் எழுதும் கருவிக்கு ஆர்டரும் போட்டுவிட்டு, "அண்ணே, பயாஸ் செத்துவிட்டது" என்றான். சாகவில்லை. புதுப்பிப்பு, பழைய முறைத் துவக்கத்துக்கான சிஎஸ்எம் அமைப்பை அணைத்துவிட்டிருந்தது. அதில் இருந்ததோ யுஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையை அறியாத பழைய கிராஃபிக்ஸ் கார்டு. கார்டைக் கழற்றி, மானிட்டர் கேபிளைப் பலகையின் சொந்த வாயில் செருகியதும் படம் வந்தது. புராசசரில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இருக்கும் எல்லாக் கணினியிலும் இதைச் செய்து பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. புதிய பயாஸ் உங்கள் பழைய புராசசரைக் கைவிட்டிருக்கலாம். ஏஎம்டி பி450 போன்ற பலகைகளில் 16 எம்பி சிப்பில் இடம் போதாமல், சில நிறுவனங்கள் புதிய புராசசர்களைச் சேர்க்கும்போது பழைய ஏ-வரிசைக்கான ஆதரவை நீக்கின. பலகையின் ஆதரவுப் பக்கத்தில் உங்கள் புராசசருக்கு நேரே எந்தப் பதிப்பு போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும், விசிறி சுற்றுகிறது, விசைப்பலகை விளக்கு எரியவில்லை, படம் இல்லை, அல்லது சில வினாடிகளுக்கு ஒருமுறை அணைந்து எழுகிறது என்றால் பயாஸ்மீது சந்தேகம் கொள்ளலாம்.

3. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

வேலை செய்யும் இன்னொரு கணினி. 32 ஜிபிக்கு உட்பட்ட ஒரு பென் டிரைவ், பழைய யுஎஸ்பி 2.0 வகையானால் நல்லது. நல்ல வெளிச்சம், பூதக்கண்ணாடி அல்லது கைப்பேசிக் கேமரா. மென்மையான பல்துலக்கி. 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிய சானிடைசரை எடுக்காதீர்கள். அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும், பிசுக்கு படிந்தால் உப்பையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சிப்பை நேரடியாக எழுத வேண்டி வந்தால் மட்டும்: சிப்பில் எழுதும் கருவியான சிஎச்341ஏ புரோகிராமர், எட்டுக் கால் சிப்புக்கான கிளிப், 1.8 வோல்ட் அடாப்டர். மதுரையில் கிடைக்கலாம், இல்லையென்றால் இணையத்தில் வரவழைக்க வேண்டும். 5, 6-ஆம் பகுதிகள் கைவிட்ட பிறகு வாங்கினால் போதும்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது. "வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே" என்று நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பல இன்வெர்ட்டர்களில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் யு.பி.எஸ், மறு பக்கம் நார்மல். நார்மலில் இருந்தால் மின்சாரம் மாறும் இடைவெளி நீளம். விளக்கு ஒருமுறை சிமிட்டும், கணினியோ அணைந்து எழும். அதை யு.பி.எஸ் பக்கம் தள்ளிவிட்டு, முக்கியமில்லாத ஒரு கணினியை ஓடவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள். கணினி அசையாமல் நின்றால் தொடருங்கள். தனி யு.பி.எஸ் இருந்தால் 600 விஏ போதும், ஆனால் அதன் பேட்டரியையும் இதேபோல் சோதித்துவிட்டு நம்புங்கள். பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளிலும் இடிமழை நேரத்திலும் இந்த வேலையைத் தொடாதீர்கள். மீட்பு முயற்சியே பாதியில் நின்று வந்த பலகையும் என்னிடம் உண்டு.

4. சரியான கோப்பை எடுத்தல்

பெட்டியில் அச்சிட்ட பெயரை நம்பாமல், பலகையின்மேல் அச்சிட்ட பெயரைப் படியுங்கள். மாடலோடு திருத்த எண்ணும் இருக்கும். குறிப்பாக கிகாபைட் பலகைகளில் ஓரத்தில் 1.0, 1.1, 2.0 என்று போட்டிருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் திருத்தம் மாறினால் உள்ளிருக்கும் பாகங்கள் மாறலாம், கோப்பும் மாறும்.

பலகையைத் தயாரித்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்திலிருந்து மட்டும் கோப்பை இறக்குங்கள். யாரோ ஒருவர் தன் சிப்பிலிருந்து எடுத்து இணையத்தில் போட்டிருக்கும் நகலில் அவருடைய பலகையின் வரிசை எண்ணும் நெட்வொர்க் முகவரியும் சேர்ந்தே இருக்கும். அதை எழுதினால் கணினி எழுந்தாலும் எழலாம். அது வேறொருவர் ஆதார் அட்டையோடு திரியும், அவ்வளவுதான்.

சுருக்கிய கோப்பை விரித்த பிறகுதான் உள்ளே உண்மையான பயாஸ் கோப்பு இருக்கும். விரிக்காமல் அப்படியே பென் டிரைவில் போட்டுவிட்டு "வேலை செய்யவில்லை" என்று வருபவர்கள் வாரம் ஒருவராவது உண்டு.

5. பொத்தான் வழி

பலகையின் பின்புறம் யுஎஸ்பி வாய்களுக்கு அருகில் ஒரு சிறு பொத்தானும், ஒரு வாயைச் சுற்றி தனி நிறமோ கட்டமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஏசுஸ் அதை பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்கிறது, எம்எஸ்ஐ ஃப்ளாஷ் பயாஸ் பொத்தான் என்கிறது, கிகாபைட் கியூ-ஃப்ளாஷ் பிளஸ் என்கிறது. இது இருந்தால் பாதிக் கவலை விட்டது. பலகையில் இதற்கென்றே ஒரு தனிச் சிப் இருப்பதால் புராசசரும் ராமும் இல்லாமலேயே பயாஸை எழுதிவிடும்.

பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யுங்கள். அந்தச் சிறு சிப்புக்கு என்டிஎஃப்எஸ் படிக்கத் தெரியாது. கோப்பை எந்த ஃபோல்டருக்குள்ளும் வைக்காமல் வெளியிலேயே வையுங்கள்.

பெயர் மாற்றுவது முக்கியம். எம்எஸ்ஐ பலகைகளில் கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எம், எஸ், ஐ; புள்ளிக்குப் பின் ஆர், ஓ, எம். கிகாபைட்டில் நிறுவனத்தின் பெயரே கோப்பின் பெயர், புள்ளிக்குப் பின் பி, ஐ, என். ஏசுஸ் கோப்போடு பெயர் மாற்றும் சிறு நிரல் ஒன்றும் வரும், அதை இருமுறை சொடுக்கினால் போதும். பலகைக்குப் பலகை வேறுபாடு உண்டு என்பதால் கையேட்டில் ஒருமுறை சரிபாருங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை: விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்து வைத்திருக்கும். நீங்கள் பின்னொட்டையும் சேர்த்துத் தட்டச்சு செய்ய, பெயரின் வாலில் ஆர்-ஓ-எம் இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும். பலகைக்கு அந்தப் பெயர் தெரியாது. பின்னொட்டைக் காட்டும் அமைப்பை முதலில் இயக்குங்கள்.

மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் 24 முனை கேபிளும் புராசசருக்கான 8 முனை கேபிளும் செருகியிருக்கட்டும். பின்புற சுவிட்சைப் போடுங்கள், கணினியை இயக்காதீர்கள். பென் டிரைவைக் குறியிட்ட வாயில் செருகிப் பொத்தானை அழுத்துங்கள். ஏசுஸில் மூன்று வினாடி அழுத்தினால் விளக்கு மூன்று முறை சிமிட்டும், அப்போது விரலை எடுத்துவிடலாம். விளக்கு முற்றிலும் அணையும்வரை காத்திருங்கள். எட்டு நிமிடம்வரை ஆகலாம்.

ஐந்து வினாடி சிமிட்டிவிட்டு விளக்கு நிலையாக எரிந்தால் வேலை தொடங்கவே இல்லை என்று பொருள். பெயர், ஃபார்மட், வாய் மூன்றையும் சரிபாருங்கள். மூன்றும் சரியென்றால் வேறொரு பென் டிரைவ். நான் மூன்று பென் டிரைவ்வரை மாற்றிப் பார்த்த பிறகுதான் சிப்பைப் பற்றியே யோசிப்பேன்.

6. மடிக்கணினியும் மறைவான வழிகளும்

ஹெச்பி மடிக்கணினிகளில் பயாஸின் நகல் ஒன்றை மீட்புக்கென்று வைத்திருப்பார்கள். சார்ஜரைச் செருகி, விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தியபடி பவர் பொத்தானை இரண்டு மூன்று வினாடி அழுத்திவிட்டு, பவரை மட்டும் விடுங்கள். திரையில் மீட்புச் செய்தி வரும்வரை மற்ற இரண்டையும் விடாதீர்கள். பி எழுத்துக்குப் பதில் சில மாடல்களில் வி. உள்ளிருக்கும் நகல் கிடைக்காவிட்டால், இன்னொரு கணினியில் ஹெச்பியின் பயாஸ் நிரலை ஓட்டி மீட்பு பென் டிரைவ் உருவாக்கி அதைச் செருகிச் செய்யுங்கள்.

டெல் மடிக்கணினியில் சார்ஜரைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்தியபடி சார்ஜரைச் செருகுங்கள். மீட்புத் திரை வந்ததும் விசைகளை விடலாம். விசைப்பலகையின் அந்த இரண்டு விசைகளில் ஒன்று உப்பேறிச் செத்திருந்தால் எத்தனை முறை செய்தாலும் வராது. வெளி விசைப்பலகையால் முயன்று பாருங்கள்.

கிகாபைட்டின் இரட்டை பயாஸ் பலகைகள் முதன்மை கெட்டால் காப்புச் சிப்பிலிருந்து தாமாகவே மீண்டுகொள்ள முயலும். சிலவற்றில் மாற்றும் சுவிட்சே இருக்கும். ஏசுஸின் பழைய பலகைகளில் கிராஷ்ஃப்ரீ பயாஸ் 3 உண்டு. சரியான கோப்புள்ள பென் டிரைவைச் செருகி இயக்கினால் தானே தேடி எடுத்துக்கொள்ளும்.

இவை எதுவும் பலிக்கவில்லை என்றால் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். இனி வருவது நிதானமான கை உள்ளவர்களுக்கு. கை நடுங்குகிறது என்றால் கடைக்குக் கொடுத்துவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

7. சிப்பைக் கண்டுபிடித்துச் சுத்தம் செய்தல்

எட்டுக் கால், சுண்டு விரல் நகத்தைவிடச் சிறியது. மேலே 25 என்ற எண்ணோடு பெயர் இருக்கும். வின்பாண்ட், மேக்ரோனிக்ஸ், கிகாடிவைஸ் ஆகியவையே அடிக்கடி கண்ணில் படுபவை. 64 என்றால் 64 மெகாபிட், அதாவது 8 எம்பி. 128 என்றால் 16 எம்பி. 256 என்றால் 32 எம்பி. மெகாபிட்டையும் எம்பியையும் குழப்பிக்கொள்வது புதியவர்களின் வழக்கம். எட்டால் வகுக்க வேண்டும்.

அடுத்தது மின்னழுத்தம். பலகையைக் கொல்லும் பிழை இங்கேதான் நடக்கும். சில சிப்புகள் 3.3 வோல்ட், சில 1.8. மேக்ரோனிக்ஸில் 25-க்குப் பின் எல் என்று வந்தால் 3.3, யு என்று வந்தால் 1.8. கிகாடிவைஸில் கியூ 3.3, எல்கியூ 1.8. வின்பாண்டில் பெயரின் கடைசியில் எஃப்வி, ஜேவி என்றால் 3.3, எஃப்டபிள்யூ, ஜேடபிள்யூ என்றால் 1.8. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் பலகைகள், மடிக்கணினிகள் பலவற்றிலும் 1.8 வகை இருக்கும். எழுத்து மங்கியிருந்தால் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 1.8 அடாப்டரோடு தொடங்குங்கள். குறைந்த அழுத்தத்தில் சிப் பதில் சொல்லாமல் இருக்கும், எரிந்துபோகாது.

பிறகு சுத்தம். நம் கரையில் இதைத் தவிர்க்கவே முடியாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலும் உப்பும் விசிறி வழியாக உள்ளே போகும். வாடை தொடங்கி ஈரம் வந்ததும் அந்த உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சிப்பின் கால்களில் பச்சை பூத்திருக்கும். அதன்மேல் கிளிப்பை மாட்டினால் சில கால்கள் தொடும், சில தொடாது. ஆல்கஹாலில் நனைத்த பல்துலக்கியால் இரு பக்கமும் தேய்த்து, விசிறிக்கு முன்னால் கால் மணி நேரம் உலர விடுங்கள். உங்கள் கருவி, மென்பொருள் எல்லாம் சரியாக இருந்தும் சிப் பேசவில்லை என்றால் பத்தில் எட்டு முறை இந்தப் படியை அவசரமாகச் செய்திருப்பீர்கள் என்பது என் கணிப்பு.

8. கிளிப்பை மாட்டி டம்ப் எடுத்தல்

பிளக் வெளியே. எஸ்எம்பிஎஸ் கேபிள்கள் வெளியே. நாணய பேட்டரி வெளியே. மடிக்கணினியானால் உள் பேட்டரியின் இணைப்பும் வெளியே. கணினி அணைந்திருந்தாலும் பிளக் செருகியிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் பலகைக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். அதோடு புரோகிராமரின் மின்சாரமும் மோதினால் இரண்டில் ஒன்று போகும்.

கறுப்பு நிற சிஎச்341ஏ-யில் தெரிந்த ஒரு குறை உண்டு. சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் அதன் தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் வரும். பல சிப்புகள் தாங்கிக்கொள்கின்றன, எல்லாம் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 5 வந்தால் மின்னழுத்தத் தேர்வு உள்ள திருத்திய பதிப்பை வாங்குங்கள். ராஸ்பெரி பை இருந்தால் அதுவே நல்ல மாற்று, அதன் முனைகள் 3.3 வோல்ட்.

சிப்பின் ஒரு மூலையில் புள்ளி இருக்கும், அது முதல் கால். கிளிப் கேபிளின் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம் வர வேண்டும். தலைகீழாக மாட்டினால் மின்சாரமும் தரையும் இடம் மாறும். சிப் சுடும், பிறகு ஒன்றும் செய்ய முடியாது. மாட்டிய பிறகு ஒருமுறை படமெடுத்துப் பார்த்துவிட்டு யுஎஸ்பியைச் செருகுவது என் பழக்கம்.

மென்பொருளில் முதலில் சிப்பின் அடையாள எண்ணைக் கேளுங்கள். 16 எம்பி வின்பாண்ட் 3.3 வோல்ட் சிப் என்றால் ஈஎஃப் 40 18 என்று வரும், 8 எம்பி என்றால் ஈஎஃப் 40 17. எல்லாம் எஃப்எஃப் அல்லது எல்லாம் பூஜ்யம் என்று வந்தால் கிளிப் தொடவில்லை. கேட்கும் ஒவ்வொரு முறையும் எண் மாறினால் அரைகுறையாகத் தொடுகிறது. நிலையாக ஒரே எண் வரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இப்போது டம்ப், அதாவது சிப்பில் இருப்பதை அப்படியே ஒரு கோப்பாகப் படித்தெடுப்பது. "அண்ணே, அதுதான் கெட்டுப்போன பயாஸாயிற்றே, அதை எதற்கு எடுக்க வேண்டும்?" என்று எல்லாத் தம்பிகளும் கேட்பார்கள். கெட்டது ஒரு பகுதிதான். அந்தப் பலகைக்கு மட்டுமே உரிய வரிசை எண், நெட்வொர்க் முகவரி, மடிக்கணினியானால் விண்டோஸ் உரிமச் சாவி ஆகியவை மற்ற பகுதிகளில் உயிரோடு இருக்கலாம். சிப்பை அழித்த பிறகு அவற்றை எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பாகச் சேமித்து, ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரு பைட்டும் மாறக் கூடாது. மாறினால் கிளிப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும். ஒத்துப்போன டம்பை இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள்.

9. எழுத வேண்டிய கோப்பைத் தயாரித்தல்

கோப்பின் அளவு சிப்பின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். 8 எம்பி என்றால் 83,88,608 பைட். 16 எம்பி என்றால் 1,67,77,216 பைட். 32 எம்பி என்றால் 3,35,54,432 பைட்.

ஏசுஸின் கேப் (சி, ஏ, பி பின்னொட்டுள்ள) கோப்பு 16 எம்பி சிப்புக்கு 1,67,79,264 பைட் காட்டும். 2,048 பைட் அதிகம். அது கோப்பின் தலையில் ஒட்டியிருக்கும் உறை. உறையோடு எழுத முயன்றால் எல்லாமே 2,048 பைட் தள்ளிப்போய் உட்காரும், புராசசர் தேடும் இடத்தில் ஒன்றும் இருக்காது. யுஇஎஃப்ஐ டூல் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, உறைக்கு உள்ளிருக்கும் உடலை மட்டும் தனியாகப் பிரித்தெடுங்கள்.

கோப்பு சிப்பைவிடச் சிறியதாக இருந்தால் அது பயாஸ் பகுதி மட்டும். இன்டெல் மடிக்கணினிகளில் இது அதிகம். இன்டெல் பலகையின் சிப்பில் டிஸ்கிரிப்டர் (எந்த அறை எங்கே என்ற வரைபடம்), எம்இ (இன்டெலின் உள் மேலாண்மை நிரல்), பயாஸ், சிலவற்றில் நெட்வொர்க் பகுதி என்று தனித்தனி அறைகள் உண்டு. உங்கள் டம்பை அடித்தளமாக வைத்து, அதில் பயாஸ் அறையை மட்டும் புதியதால் மாற்றிச் சேமியுங்கள். மற்ற அறைகள் உங்களுடையவையாகவே இருக்கட்டும். பாதி நின்ற புதுப்பிப்பு பெரும்பாலும் பயாஸ் அறையைத்தான் சிதைத்திருக்கும்.

நிறுவனக் கோப்பு முழு அளவில் இருந்தாலும் நெட்வொர்க் அறை உங்கள் டம்பில் இருந்தால் அதை எடுத்துப் பொருத்துங்கள். இதை விட்டுவிட்டால் கணினி எழும், ஆனால் லேன் முகவரி பூஜ்யங்களாக நிற்கலாம். ஒரே அலுவலகத்தில் இரண்டு கணினிகள் ஒரே முகவரியோடு சண்டையிடும் கூத்தையும் பார்த்திருக்கிறேன்.

10. அழித்தல், எழுதுதல், ஒப்பிடுதல்

நான்கு வேலைகள். அழி. வெற்றாக இருக்கிறதா என்று பார். எழுது. எழுதியதை ஒப்பிடு. நான்கையும் தானாகச் செய்யும் ஒற்றைப் பொத்தான் மென்பொருளில் இருக்கும். முதல் சில முறை அதைத் தொடாமல் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், எங்கே தவறியது என்று தெரியும்.

வெற்றுச் சோதனையில் எல்லா இடமும் எஃப்எஃப் என்று வர வேண்டும். ஃப்ளாஷ் சிப்பில் எழுதுவது ஒன்றைப் பூஜ்யமாக மாற்ற மட்டுமே வல்லது, பூஜ்யத்தை ஒன்றாக்க அழித்தாக வேண்டும். சரியாக அழியாத சிப்பில் எழுதினால் பழையதும் புதியதும் கலந்து கிடக்கும்.

எழுதும்போது மேசையை அசைக்காதீர்கள். நீட்டிப்புக் கேபிள், யுஎஸ்பி ஹப் எதுவும் வேண்டாம், கணினியின் வாயிலேயே நேரடியாகச் செருகுங்கள். ஒப்பீட்டில் ஒரு பிழை வந்தாலும் அந்த எழுத்து செல்லாது. "ஒரு பைட்தானே" என்று விட்டால் அந்த ஒரு பைட் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மறுபடி முதல் பகுதிக்கு வருவீர்கள்.

11. கிளிப் ஒத்துழைக்கவில்லை என்றால்

சில பலகைகளில் கிளிப் கொடுக்கும் மின்சாரத்தைச் சுற்றியிருக்கும் பாகங்களும் இழுத்துக்கொள்ளும், சிப்புக்குப் போதாமல் போகும். சிப்பைக் கழற்றி, அடாப்டரில் வைத்து எழுதி, மீண்டும் பொருத்துவதுதான் வழி. கால்கள் வெளியே தெரியாத தட்டைச் சிப்புகளை இந்தக் கிளிப் பிடிக்கவே பிடிக்காது, அவற்றுக்கும் இதே வழி. ஹாட் ஏர் கருவி, ஃப்ளக்ஸ், சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைக் காக்கும் காப்டன் டேப் வேண்டும். இதற்கு முன் ஒரு பழைய, செத்த பலகையில் பத்து முறையாவது பழகியிருக்க வேண்டும். கழற்றும் முன் புள்ளி எந்தப் பக்கம் என்று படமெடுங்கள்.

சாக்கெட்டில் செருகிய பழைய வகைச் சிப் என்றால், ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு பலகையில் சிப்பை மாற்றிச் செருகி எழுதும் ஒரு வித்தை உண்டு. இளவயதில் நானும் செய்திருக்கிறேன். ஒரு பலகையைக் காப்பாற்ற இரண்டைப் பணயம் வைக்கும் வேலை அது. இன்று கருவிகள் மலிந்துவிட்டன, அது தேவையே இல்லை.

12. முதல் முறை இயக்குவதும் பிறகு பார்க்க வேண்டியவையும்

கிளிப் வெளியே, பேட்டரி உள்ளே, ஒரு ராம் மட்டும், ஹார்டு டிஸ்க் இணைக்காமல் இயக்குங்கள். முதல் முறை ஐந்து நிமிடம்வரை பொறுங்கள். படம் வந்ததும் பயாஸ் அமைப்புக்குள் போய் இயல்புநிலை அமைப்புகளை ஏற்றி, தேதியையும் நேரத்தையும் சரிசெய்து சேமியுங்கள்.

டிஸ்க்கை இணைக்கும் முன் சாட்டா முறை (டிஸ்க்கோடு பேசும் விதம்) முன்பு இருந்ததுபோல் ஏஹெச்சிஐ-யா ரெய்டா என்று பொருத்துங்கள். மாறியிருந்தால் விண்டோஸ் நீலத்திரையோடு நிற்கும். வாடிக்கையாளர் தரவெல்லாம் போய்விட்டது என்று நினைத்து உடைந்துபோவார். துவக்க முறையும் அப்படியே, யுஇஎஃப்ஐ-யில் நிறுவிய விண்டோஸ் பழைய முறையில் எழாது.

அடுத்து பிட்லாக்கர், அதாவது விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி. அது இயங்கியிருந்தால், பயாஸை எழுதியதும் அதன் சாவியைக் காக்கும் டிபிஎம்மில் இருந்த பொருத்தம் கலைந்துவிடும், விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இதை வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். நான் ஒருமுறை கேட்காமல் விட்டேன். கீழக்கரையிலிருந்து வந்த ஒரு பெரியவரின் மடிக்கணினி அது, மகன் துபாயில் உருவாக்கிக் கொடுத்த கணக்கு. "தம்பி, நீங்கள் சரிசெய்துவிட்டதாகச் சொன்னீர்களே" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. மகனைக் கைப்பேசியில் பிடித்து எண்ணை வாங்க இரவு பதினொன்றானது. இப்போது ரசீதில் முதல் கேள்வியே அதுதான்.

கணினியைக் குறைந்தது முக்கால் மணி நேரம் ஓடவிடுங்கள். இன்டெல் பலகைகளில் எம்இ பகுதி பழுதாகியிருந்தால் பல கணினிகள் சரியாக முப்பது நிமிடத்தில் தாமாக அணையும். அப்படி அணைந்தால் 9-ஆம் பகுதிக்குத் திரும்பி எம்இ அறையைப் பாருங்கள். பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கொடுத்தனுப்பினால் மறுநாள் காலை அதே பலகை கடை வாசலில் நிற்கும்.

லேன் முகவரியையும் வரிசை எண்ணையும் பழைய டம்போடு ஒப்பிடுங்கள். டம்பை வாடிக்கையாளரின் பெயர், மாடல், தேதி போட்டுச் சேமித்து வையுங்கள்.

இரவு பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். காலையில் வந்து இயக்கும்போது கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டினால் நாணய பேட்டரியும் அதன் பிடியும் நன்றாக இருக்கின்றன, மூடியைத் திருகலாம். நேரம் பின்தங்கியிருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றி நிறுத்திவிடாமல், அது உட்காரும் பிடியின் இரு தகடுகளையும் ஆல்கஹாலால் துடையுங்கள். பச்சை அங்கேயும் பூத்திருக்கும்.